பத்து நானோமீட்டர் தூரத்தில்: மறதிநோய் மூளையில் புரதங்களின் சந்திப்பைத் தேடி

அல்சைமர் நோயாளியின் மூளையில் சேரும் அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துண்டு, நரம்புச் செல்லின் மேல் எந்தப் புரதத்தில் போய் ஒட்டி அதைக் கெடுக்கிறது? கேள்வி எளிது. விடையாகச் சொல்லப்பட்ட பெயர்கள்தான் ஏராளம். 2009இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஸ்டிரிட்மேட்டரின் குழு பிரியான் புரதத்தைக் காட்டியது. உருத்திரிந்தால் பைத்திய மாட்டு நோய் போன்றவற்றை உண்டாக்கும் அதே புரதத்தின் இயல்பான வடிவம் அது. அடுத்தடுத்த ஆண்டுகளில் சில ஆய்வகங்களுக்கு அதே விளைவு கிடைத்தது, சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை. இதற்கிடையில் வேறு குழுக்கள் வேறு புரதங்களை முன்வைத்தன. பட்டியல் நீண்டது, தீர்ப்பு மட்டும் வரவில்லை.

இந்தச் சான்றுகளில் பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிலிருந்தும் மரபணு மாற்றிய எலிகளிலிருந்தும் வந்தவை. எலிக்கு அல்சைமர் தானாக வருவதில்லை. பரம்பரை அல்சைமர் உள்ள சில குடும்பங்களில் காணப்படும் பழுதான மனித மரபணுவை அதன் உடலில் புகுத்தி, அமிலாய்டு படியும்படி செய்கிறார்கள். அப்படிப் படிந்ததை நீக்கி எலிகளைத் தேற்றிய மருந்துகள் பல, மனிதரிடம் வந்ததும் பலிக்காமல் போயின. ஆகவே இந்தத் துறையில் எந்தக் கூற்றையும் ஏற்பதற்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும் என்று நினைக்கிறேன். சொல்லப்படும் இரண்டு புரதங்களும், நோயுற்ற மனித மூளையில், சேதம் நடக்கும் அந்த இடத்திலேயே, ஒன்றையொன்று தொடும் தூரத்தில் இருக்கின்றனவா? இதைக் கேட்பது சுலபம். சோதித்துப் பார்க்கும் கருவி கைக்கு வர நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

1906 நவம்பரில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் அலாய்ஸ் அல்சைமர் தன் நோயாளி அகஸ்ட டீட்டரின் மூளையைப் பற்றிப் பேசியபோது அவர் கையில் இருந்தது வெள்ளிச் சாயம். அது இரண்டு விதமான குவியல்களைக் காட்டியது. செல்களுக்கு வெளியே படிவுகள், செல்களுக்கு உள்ளே முறுக்கிய இழைகள். படிவுகளில் இருப்பது அமிலாய்டு பீட்டா என்பது 1980களின் நடுவில் தெரிந்தது. 1984இல் ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வாங்கும் மூளை உறையின் ரத்தக் குழாய்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இழைகளில் இருப்பது டௌ புரதம் என்பதும் அதே பத்தாண்டில் உறுதியானது. சாயம் பார்க்க வைத்தது குவியல்களை. ஆராய்ச்சியும் மருந்துத் தேடலும் நெடுங்காலம் குவியல்களின் பின்னாலேயே போயின.

நோயாளி இழப்பதற்கும் குவியல்களுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேரானது அல்ல. 1990, 1991 ஆண்டுகளில் இரண்டு முக்கியமான ஆய்வுகள் வந்தன. ஸ்டீவன் டிகோஸ்கியும் ஸ்டீபன் ஷெஃபும் செய்தது ஒன்று, ராபர்ட் டெர்ரியின் குழு செய்தது மற்றொன்று. நோயாளியின் நினைவும் அறிவும் எவ்வளவு குன்றியிருந்தன என்பதோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது படிவுகளின் எண்ணிக்கை அல்ல. சினாப்ஸ்கள், அதாவது ஒரு நரம்புச் செல் அடுத்ததோடு பேசும் சந்திகள், எத்தனை அழிந்தன என்பதுதான். பிறகு 2008இல் டென்னிஸ் செல்கோவின் ஆய்வகத்தில் கணேஷ் சங்கரும் மற்றவர்களும் இறந்த அல்சைமர் நோயாளிகளின் மூளையிலிருந்தே அமிலாய்டு பீட்டாவைப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். பெரும் படிவுகளைவிட, கரைந்த நிலையில் இரண்டிரண்டாக ஒட்டிக்கிடந்த துணுக்குகளே சினாப்ஸின் செயல்பாட்டைக் குலைத்தன. குற்றம் நடக்கும் இடம் சினாப்ஸ், செய்வது கண்ணுக்குத் தெரியாத சிறு திரள் என்ற பார்வை இங்கிருந்துதான் வலுத்தது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இரண்டு நரம்புச் செல்களுக்கு நடுவே சினாப்ஸில் உள்ள இடைவெளி ஏறக்குறைய 20 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். அங்கே உலவும் புரதங்கள் சில நானோமீட்டர் அளவே உள்ளவை. சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் குறைந்த தூரத்தில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது; மேல் கீழாகப் பார்த்தால் இன்னும் மோசம், 500 நானோமீட்டருக்கு மேல் போய்விடும். இது கண்ணாடியின் குறை அல்ல, ஒளி அலையின் இயல்பு. ஒரு புரதத்துக்குப் பச்சைச் சாயமும் இன்னொன்றுக்குச் சிவப்புச் சாயமும் ஏற்றிப் பார்த்தால், இரண்டும் கலந்து மஞ்சளாகத் தெரியும் இடத்தில் அவை சந்திக்கின்றன என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். இன்றும் சில கட்டுரைகளில் அப்படி வருகிறது. அந்த மஞ்சளுக்குள் ஒரு சினாப்ஸின் இரு கரைகளும் இடைவெளியும் சேர்ந்து அடங்கிவிடும். அதை வைத்து இரண்டு புரதங்கள் தொட்டுக்கொள்கின்றன என்று சொல்ல வழியே இல்லை.

நுண்ணோக்கியை விட்டுவிட்டு மூளைத் திசுவை அரைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அதுவும் நடக்கிறது. திசுவைக் கரைத்து, ஒரு புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் போட்டு இழுத்தால், அதோடு ஒட்டியிருந்த மற்றவையும் கூடவே வரும். என்னென்ன வந்தன என்பதை நிறை அளவியல் கருவி சொல்லிவிடும். 2020இல் எலினர் டிரம்மண்டும் தாமஸ் விஸ்நியூஸ்கியும் சேர்ந்த குழு, அல்சைமர் மூளையில் பாஸ்பேட் ஏறிய டௌவை இப்படி இழுத்து, அதோடு வந்த புரதங்களைப் பட்டியலிட்டது. செல்லின் குப்பை அகற்றும் அமைப்பைச் சேர்ந்தவை அதில் நிறைய. மதிப்புள்ள வேலை. ஆனால் இந்த முறையில் இரண்டு ஆபத்துகள் உண்டு. உயிரோடிருந்தபோது வெவ்வேறு அறைகளில் இருந்து ஒன்றையொன்று பார்க்காத புரதங்கள், திசுவை அரைத்த பிறகு ஒரே கரைசலில் சந்தித்து ஒட்டிக்கொள்ளும். உண்மையிலேயே ஒட்டியிருந்தவையோ, சவ்வைக் கரைக்கப் போடும் சோப்புப் பொருளால் பிரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தச் சினாப்ஸில், எந்தப் பக்கத்தில் என்ற விலாசம் அழிந்துபோகிறது.

விலாசமும் வேண்டும், நெருக்கத்தின் அளவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துத் தர முயன்ற முதல் நல்ல முறை சுவீடனின் உப்சாலாவில் பிறந்தது. உல்ஃப் லாண்டெக்ரனின் குழு 2002இல் கரைசலில் செய்து காட்டியது. 2006இல் ஓலா சோடர்பெரியும் மற்றவர்களும் அதைத் திசுவுக்குள்ளேயே செய்தார்கள். இரண்டு புரதங்களுக்கும் தனித்தனி ஆன்டிபாடி. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு சிறு டிஎன்ஏ இழை. இரண்டும் சுமார் 40 நானோமீட்டருக்குள் வந்தால், அவற்றின் மேல் படியும் இன்னும் இரண்டு இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வட்டமாக முடியும். வட்டம் முடிந்ததும் ஒரு நொதி அதைச் சுற்றிச் சுற்றிப் பிரதி எடுக்கத் தொடங்கும். நூற்றுக்கணக்கான பிரதிகள் ஒரே இடத்தில் சுருண்டு கிடக்க, அவற்றில் ஒளிரும் சாயம் ஏறும்போது சாதாரண நுண்ணோக்கியிலேயே ஒரு பிரகாசமான புள்ளி தெரியும். தூரம் போதாவிட்டால் வட்டம் முடியாது, புள்ளியும் வராது.

ஆக்ஸ்ஃபோர்டில் இதை ஒரு நுட்பமான கேள்விக்குப் பயன்படுத்தினார்கள். பார்க்கின்சன் நோயிலும் லூயி உருண்டை மறதிநோயிலும் திரளும் ஆல்ஃபா சைனுக்ளின் புரதம் தன்னோடு தானே ஒட்டும் ஆரம்ப நிலையைப் பிடிக்க, ஒரே ஆன்டிபாடியை இரண்டு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் வேறு டிஎன்ஏ வாலைக் கட்டினார்கள். தனியாக இருக்கும் ஒரு மூலக்கூறில் இரண்டும் ஒருசேர அமர்வது கடினம். சேர்ந்திருக்கும் மூலக்கூறுகளில்தான் புள்ளி எழும். 2015இல் வெளியான அந்த ஆய்வில், வழக்கமான சாயத்தில் உருண்டையே தெரியாத, நலமாக இருக்கிறது என்று நினைத்த நரம்புச் செல்களிலும் புள்ளிகள் கிடைத்தன. அதே வழியில் 2021இல் டௌவுக்குச் செய்த ஆய்விலும், முறுக்கிழைகள் தோன்றுவதற்கு முன்பே டௌ தன்னோடு தான் சேரத் தொடங்கிவிடுவது தெரிந்தது. குவியலுக்கு முன்னால் ஒரு நீண்ட கட்டம் இருக்கிறது என்பதை மனித மூளையிலேயே காட்டிய வேலைகள் இவை. இந்த முறையின் பெரும் பலம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். 40 நானோமீட்டர் என்பது சினாப்ஸ் இடைவெளியின் இரண்டு மடங்கு. ஒரு கரையில் ஒரு புரதமும் எதிர்க் கரையில் இன்னொன்றும் இருந்தாலும் புள்ளி எழலாம். அந்தப் புள்ளியும் அது எழுந்த இடத்தைவிடப் பெரியது. செல்லுக்குள் எங்கே என்பதைச் சொல்லும், சினாப்ஸின் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாது.

இன்னும் நெருக்கமான அளவுகோல் ஒன்று இயற்பியலில் நெடுங்காலமாகவே இருந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் தியோடர் ஃபோர்ஸ்டர் 1940களில் அதன் கணக்கை வகுத்தார். ஒரு சாயத்தின் மேல் ஒளி படுகிறது. பொருத்தமான இன்னொரு சாயம் மிக அருகில் இருந்தால், முதல் சாயம் தான் வாங்கிய ஆற்றலை ஒளியாக வெளிவிடாமல் நேரடியாக அடுத்ததற்குத் தந்துவிடும். ஒளிர்வது இரண்டாவது சாயமாக இருக்கும். சுருக்கமாக ஃப்ரெட் என்கிறார்கள். இந்தக் கைமாற்றம் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது என்பதுதான் இதன் சிறப்பு. ஒரு சாய இணைக்கு 5 நானோமீட்டரில் பாதி ஆற்றல் கைமாறுகிறது என்றால், தூரம் 10 ஆனதும் அது நூற்றுக்கு ஒன்றரைக்கு இறங்கிவிடும். அதற்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 1967இல் லூபர்ட் ஸ்டிரையரும் ரிச்சர்ட் ஹாக்லண்டும் நீளம் தெரிந்த மூலக்கூறுகளை வைத்து, இந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதைக் காட்டினார்கள். அன்றிலிருந்து மூலக்கூறு அளவில் தூரம் அளக்கும் கோலாகவே ஃப்ரெட் ஆகிவிட்டது.

நோயுற்ற மனித மூளையில் இதைச் செய்ய ஒரு பெரிய தடை குறுக்கே நின்றது. வயதான நரம்புச் செல்களில் லிப்போஃபஸ்சின் என்ற பழுப்புக் கழிவு சேர்கிறது. அது தானாகவே, பல நிறங்களில் ஒளிர்கிறது. தடித்த திசுத் துண்டில் அந்த ஒளியும், மேலே கீழே உள்ள நூற்றுக்கணக்கான சினாப்ஸ்களின் ஒளியும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்த இரைச்சலில் ஃப்ரெட்டின் மெல்லிய சமிக்ஞையைத் தேடுவது வீண் வேலை.

வழி திறந்தது திசுவை மெல்லியதாக்கியதில்தான். 2007இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டினா மிச்சேவாவும் ஸ்டீபன் ஸ்மித்தும் அடுக்குப்பட முறை ஒன்றை வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டாரா ஸ்பயர்ஸ்-ஜோன்ஸின் ஆய்வகம் அதை மனித மூளைக்கு ஏற்றபடி பழக்கியெடுத்தது. பிரேதப் பரிசோதனையின்போதே மூளையின் வெளியடுக்கான புறணியிலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் சிறு துண்டுகளை வெட்டி, சில மணி நேரம் மட்டும் பதப்படுத்தும் திரவத்தில் ஊறவைத்து, ஆல்கஹாலில் நீரை அகற்றி, அக்ரிலிக் பிசினில் புதைக்கிறார்கள். பல ஆண்டு ஃபார்மலினில் கிடந்த மூளை இதற்கு உதவாது; புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்துபோய், ஆன்டிபாடி பிடிக்கும் முகங்கள் மறைந்துவிடும். இறுகிய பிசின் கட்டியை வைரக் கத்தியால் 70 நானோமீட்டர் தடிமனில் சீவுகிறார்கள். சீவல்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி, கத்தியின் பின்னால் உள்ள நீர்ப்பரப்பில் நாடாவாக மிதக்கும். அந்த நாடாவை அப்படியே கண்ணாடி வில்லையில் ஏந்தி எடுக்க வேண்டும். காற்று பட்டாலும் கை நடுங்கினாலும் நாடா அறுந்து, வரிசை குலைந்துவிடும். பிறகு ஆன்டிபாடிச் சாயம், கழுவல், ஒவ்வொரு சீவலிலும் அதே இடத்தின் படம். கணினி அந்தப் படங்களை அடுக்கி, சினாப்ஸ்களை முப்பரிமாணத்தில் எழுப்பித் தருகிறது. நுண்ணோக்கி பழையதுதான். மேல் கீழ் மங்கலை நீக்கியது வைரக் கத்தி.

இந்த இரண்டையும், அடுக்குப் படத்தையும் ஃப்ரெட்டையும், மார்த்தி கோலோம்-கதேனாவும் ஸ்பயர்ஸ்-ஜோன்ஸும் சகாக்களும் ஒன்றாக்கினார்கள். 2024இல் வெளியான அந்த ஆய்வில் அல்சைமரோடு இறந்த 11 பேரின் மூளையும், நோயில்லாத 9 பேரின் மூளையும் இருந்தன. பார்த்த இடம் பொட்டுப் புறணி. பார்த்த சினாப்ஸ் முனைகள் பத்து லட்சத்துக்கு மேல். அமிலாய்டு பீட்டாவின் சிறு திரள்களுக்கு ஒரு சாயம், டிமெம்97 என்ற சவ்வுப் புரதத்துக்கு அதோடு இணையும் சாயம், சினாப்ஸின் முன்கரைக்கும் பின்கரைக்கும் தனித்தனி அடையாளங்கள்.

டிமெம்97 ஏன்? மருந்தியலில் சிக்மா-2 ஏற்பி என்று ஒன்று பல ஆண்டுகளாகப் பேசப்பட்டது. சில மருந்துகள் அதில் ஒட்டுகின்றன என்று தெரியும், அது எந்தப் புரதம் என்று தெரியாது. 2017இல்தான் அது டிமெம்97 என்று கண்டுபிடித்தார்கள். சிக்மா-2இல் ஒட்டும் சிடி1812 என்ற மருந்து அமிலாய்டு திரள்களைச் சினாப்ஸிலிருந்து விலக்குகிறது என்பதற்கு வளர்ப்புச் செல்களில் சான்று இருந்தது. மனித மூளையில் இவை இரண்டும் சந்திக்கின்றனவா என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

முடிவில், சினாப்ஸின் இரு கரைகளிலும் அமிலாய்டு பீட்டாவுக்கும் டிமெம்97க்கும் இடையே ஃப்ரெட் சமிக்ஞை கிடைத்தது. நோயுற்ற மூளைகளில், டிமெம்97 உள்ள பின்கரைகளின் விகிதமும் நோயற்றவற்றைவிடக் கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது. பின்கரையில் யேல் குழு சொன்ன பிரியான் புரதத்தோடும், பிஎஸ்டி-95 என்ற கட்டமைப்புப் புரதத்தோடும் அமிலாய்டு பீட்டா ஃப்ரெட் காட்டியது. பதினைந்து ஆண்டு வழக்கில் பிரியானுக்கு மனித மூளையின் சினாப்ஸிலிருந்தே இப்படி ஒரு சாட்சி கிடைத்தது. ஒரே ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இதுதான் இந்த ஆய்வில் நம்பகமான பகுதியாகத் தெரிகிறது. அமிலாய்டு திரள் பிசுபிசுப்பானது, பல இடங்களில் ஒட்டக்கூடியது; முறை நேர்மையாக வேலை செய்தால் அப்படித்தான் தெரிய வேண்டும்.

இந்தச் சமிக்ஞை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கல்யாண வீட்டில் பந்தியில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கும் இருவர் உறவினராக இருக்கலாம், இடம் கிடைத்ததால் அமர்ந்த முன்பின் அறியாதவர்களாகவும் இருக்கலாம். ஃப்ரெட் அளப்பது அந்த நெருக்கத்தை. அதிலும் சாயம் புரதத்தின் மேல் நேராக இல்லை. புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியே 10 நானோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது. சாயம் வழக்கமாக அதைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியில் இருக்கும். ஆக 10 நானோமீட்டருக்குள் இருப்பவை இரண்டு சாயங்கள்; புரதங்களுக்கு இடையே உள்ள தூரம் இன்னும் அதிகமாக இருக்க இடமுண்டு. எதிர்ப்பக்கமும் உண்மை. புரதங்கள் கெட்டியாகப் பிணைந்திருந்தும், ஆன்டிபாடிகள் எதிரெதிர் திசையில் நீட்டிக்கொண்டிருந்தால் சமிக்ஞை எழாது. ஃப்ரெட் இல்லை என்பதை வைத்துச் சந்திப்பு இல்லை என்று தீர்மானிக்க முடியாது.

இதனால்தான் இப்படிப்பட்ட ஆய்வில் ஒப்பீட்டுச் சோதனைகளை முதலில் தேடிப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் சாயம் மட்டும் ஏற்றிய சீவல், இரண்டாவது மட்டும் ஏற்றிய சீவல், இரண்டும் இல்லாத வெறும் சீவல் ஆகியவை வேண்டும். சேரவே கூடாத இரண்டு புரதங்களுக்குச் சமிக்ஞை வரவில்லை என்று காட்ட வேண்டும், நிச்சயம் சேரும் இரண்டுக்கு வந்தது என்றும் காட்ட வேண்டும். இவை இல்லாத வண்ணப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சான்றாகாது. எண்ணிக்கையிலும் எச்சரிக்கை தேவை. பத்து லட்சம் சினாப்ஸ்கள் என்பது கேட்கப் பெரிது. மனிதர்கள் இருபது பேர்தான். ஒருவர் மூளையில் உள்ள ஆயிரம் சினாப்ஸ்களும் ஒரே வாழ்வைப் பகிர்ந்தவை. அவற்றை ஆயிரம் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் கணக்கு பொய்க்கும். நல்ல ஆய்வாளர்கள் புள்ளியியல் மாதிரியிலேயே இதைக் கணக்கில் எடுக்கிறார்கள்.

கடினமான கேள்வி வேறு. இறந்த மூளை நோயின் கடைசிப் பக்கத்தைத்தான் காட்டுகிறது. அமிலாய்டும் டிமெம்97உம் சேர்ந்ததால் சினாப்ஸ் அழியத் தொடங்கியதா, அழியும் சினாப்ஸில் எல்லாமே குவிந்ததில் இவையும் சேர்ந்தனவா? படம் சொல்லாது. எடின்பரோ குழு இதற்காக எலிக்குத் திரும்பியது. அமிலாய்டு படியும் எலிகளுக்கு சிடி1812 கொடுத்தபோது, மூளையில் மருந்தின் அளவு எவ்வளவு கூடியதோ அவ்வளவுக்குச் சினாப்ஸில் அந்த இரண்டு புரதங்களின் ஃப்ரெட் சமிக்ஞை குறைந்தது. வளர்ப்புச் செல்களில் பிறந்த கருதுகோளை மனிதத் திசுவில் சோதித்துவிட்டு, மருந்தின் வேலையைப் பார்க்க மட்டும் எலியிடம் போவது சரியான வரிசை. அந்த மருந்து மனிதரிடமும் சோதனையில் இருக்கிறது. லேசானது முதல் மிதமானது வரை அல்சைமர் உள்ளவர்களிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு 2024இல் வந்தபோது, அறிவுத்திறன் சரிவு மெதுவானதற்கான சாயல் தெரிந்தது. புள்ளியியல் உறுதி கிடைக்கவில்லை. சினாப்ஸில் ஒரு சந்திப்பைக் கண்டுபிடிப்பதற்கும் நோயாளிக்கு நன்மை கிடைப்பதற்கும் நடுவே உள்ள தொலைவு இது. அமிலாய்டு படிவுகளை அகற்றும் லெக்கனமாப் மருந்தும் 18 மாதங்களில் சரிவை 27 விழுக்காடு குறைத்தது, நிறுத்தவில்லை. படிவை அகற்றியும் சரிவு ஏன் தொடர்கிறது என்ற கேள்விக்கு விடை சினாப்ஸில் இருக்கக்கூடும் என்பதால்தான் இந்த நுண்ணிய வேலைக்கு இவ்வளவு மதிப்பு.

இந்த வேலைக்கு அடிப்படையாக இருப்பவர்கள் மூளைக் கொடையாளர்கள். குறிப்பாக நோயில்லாதவர்கள். மறதிநோய் வந்தவரின் குடும்பம் மூளையைத் தர முன்வருவதில் ஒரு நியாயம் தெளிவாகத் தெரியும். நோயின்றி முதுமையில் இறந்தவரின் மூளை கிடைப்பது அதைவிட அரிது. அது இல்லாமல் ஒப்பிட எதுவுமில்லை. ஸ்காட்லாந்துக்கு இதில் ஒரு பெரும் பேறு உண்டு. 1947 ஜூன் 4ஆம் தேதி, 1936இல் பிறந்த பள்ளிப் பிள்ளைகள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடெங்கும் ஒரே நாளில் ஓர் அறிவுத்திறன் தேர்வு எழுதினார்கள். தாள்கள் பத்திரமாக இருந்தன. 2004 முதல் எடின்பரோ வட்டாரத்தில் அவர்களில் 1,091 பேரைத் தேடிப்பிடித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் சோதித்து வருகிறார்கள். அவர்களில் பலர் இறந்தபின் மூளையைத் தர எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பயர்ஸ்-ஜோன்ஸ் குழுவின் ஆய்வுகளில் ஒப்பீட்டுக்கு வரும் மூளைகளில் சில அவர்களுடையவை. பதினொரு வயதில் எப்படிச் சிந்தித்தார், எழுபதில் எப்படி, எண்பதில் எப்படி என்று தெரிந்த ஒருவரின் சினாப்ஸை 70 நானோமீட்டர் சீவலில் பார்க்க முடிவது வேறெங்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. மூளைத் திசு சேகரிப்புக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995 முதல் ஒரு வங்கி இயங்குகிறது. மேலே சொன்ன மனித மூளை ஆய்வுகள் எல்லாம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிடைத்த மூளைகளில் நடந்தவை. நம்மவர்க்கு நீரிழிவும் ரத்தக்குழாய் நோயும் அதிகம். மறதிநோயோடு அவை பின்னிக் கிடக்கும் மூளையில் சினாப்ஸின் சந்திப்புகள் எப்படி இருக்கும் என்பதை ஸ்காட்லாந்து மூளை சொல்லப் போவதில்லை. இதற்குப் புதிய கருவிகளைவிட முதலில் வேண்டியது, இறந்த சில மணி நேரத்துக்குள் துண்டெடுத்துப் பிசினில் புதைக்கும் ஏற்பாடு. பழைய ஃபார்மலின் ஜாடிகளில் இருந்து இந்த ஆய்வைத் தொடங்க முடியாது.

மறுபக்கம் முறைகளும் வேகமாக நகர்கின்றன. 2017இல் கேம்பிரிட்ஜில் மைக்கேல் கோடெர்ட், ஷோர்ஸ் ஷெரஸ் குழு, ஓர் அல்சைமர் நோயாளியின் மூளையிலிருந்து பிரித்த டௌ இழையின் அணு அளவு வடிவத்தைக் குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டது. 2024இல் லீட்ஸில் ரெனே ஃப்ராங்கின் குழு ஒரு படி மேலே போய், இழைகளைப் பிரிக்காமல், உறைந்த மனித மூளைத் திசுவுக்குள்ளேயே அமிலாய்டையும் டௌவையும் முப்பரிமாணத்தில் படமெடுத்தது. ஆன்டிபாடி தேவைப்படவில்லை. ஆனால் அங்கே கண்ணில் படுவது இழைகளே. சினாப்ஸ் சவ்வில் ஒட்டியிருக்கும் இரண்டு மூன்று மூலக்கூறுத் திரளை அந்த நெரிசலில் பெயர் சொல்லி அடையாளம் காண இன்னும் நாளாகும். அதுவரை ஃப்ரெட்டின் வேலை முடியாது.

எது முதலில் நடந்தது என்ற கேள்விக்கு எடின்பரோவிலேயே ஒரு வழி உருவாகி வருகிறது. மூளைக்கட்டி அறுவையில், கட்டியை அடைய வழியில் உள்ள கொஞ்சம் நல்ல திசுவையும் எடுக்க வேண்டியிருக்கும். வழக்கமாகக் கழிவாகப் போகும் அதை, நோயாளியின் சம்மதத்தோடு ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து மெல்லியதாகச் சீவி, உயிரோடு வைத்திருக்கிறார்கள். 2025இல் ராபர்ட் மெக்கீஹனும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் மூளையிலிருந்து எடுத்த அமிலாய்டு பீட்டாவை இந்த உயிருள்ள மனிதச் சீவல்களில் சேர்த்தபோது அது சினாப்ஸ்களில் போய்ச் சேர்ந்தது. நோயில்லாத திசுவில் இயல்பாகவே இருக்கும் அமிலாய்டு பீட்டாவின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் சினாப்ஸ்கள் மாறுவதையும் அவர்கள் கண்டார்கள். முதலில் சந்திப்பா, முதலில் சேதமா என்பதை எலியைக் கேட்காமல் மனிதத் திசுவிடமே கேட்க இப்போது முடிகிறது. டிமெம்97ஐ மருந்தால் மறித்துவிட்டு அதே அமிலாய்டைச் சேர்த்தால், பத்து நானோமீட்டருக்குள் அந்தச் சமிக்ஞை எழுமா, எழாவிட்டால் சினாப்ஸ் பிழைக்குமா? டிமெம்97 மேல் சாட்டப்படும் குற்றம் நிற்குமா என்பதை இந்தச் சீவல்களில் வைத்தே முடிவு செய்யலாம்.